தவிட்டுக்கு விற்ற பிள்ளை

வெள்ளவத்தை
11.02.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

சுபோதினி எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தம்பியும் சுகம். நீங்களும் உங்கள் மடியில் இருக்கிற பிள்ளையும் சுகமாக இருக்க அம்மாளாச்சிதான் துணை நிற்க வேண்டும்.

வெள்ளவத்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன தூரம்? காலி வீதியில் நெரிசல் இல்லாவிட்டால் பஸ்ஸில் ஏறி இறங்குகிற நேரம். அந்தத் தூரத்துக்குக் கடிதம் எழுதுகிற பைத்தியம் கொழும்பில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனால் நீங்கள் சொன்னால் சொன்னதுதான். ஓப்பரேஷன் முடிந்து பிள்ளையைத் திருப்பி வாங்கும்வரை விற்றவளின் முகம் அவன் கண்ணில் படக்கூடாது, குரல் காதில் விழக்கூடாது, போனில்கூடக் கதைக்கக் கூடாது. உங்களுடைய பட்டன் போனில் எழுதி அனுப்பினால் எழுத்துத் தெரியவில்லை என்று என்னைத்தான் திட்டுவீர்கள். அதனால் உடுப்புப் பைக்குள் கடிதத்தை வைத்து இவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

நேற்றுக் காலை குசினி ஜன்னலால் தனுஷனை உங்களிடம் நீட்டினேனே, அதுவரைக்கும் எனக்கு இது ஏதோ விளையாட்டுப் போலத்தான் இருந்தது. கோழித்தீன் கடையில் வாங்கி வந்த தவிட்டை என் கையில் கொட்டிவிட்டு, திரும்பிப் பாராமல் அவனைக் கொண்டுபோய் ஓட்டோவில் ஏறினீர்கள். ஓட்டோ சந்தி திரும்பிய பிறகு பார்த்தால் கையெல்லாம் தவிடு, சட்டையெல்லாம் பால். அந்த இடத்திலேயே இருந்து அழுதேன்.

நீங்கள் சொன்னது சரிதான். மூத்தவள் பிறந்து மூன்றாம் நாளே போய்விட்டாள். இவனுக்கு ஐந்து மாதத்தில் மூளைக்குள் நீர் கட்டியிருக்கிறது என்கிறார்கள். "உம்மட கையிலை இருந்தா எமன் தேடி வருவான், விலாசத்தை மாத்துவம்" என்று நீங்கள் சொன்னபோது நானும் சரி என்றுவிட்டேன். அம்மா உயிரோடு இருந்தால் கேட்டிருப்பேன். இல்லாதபடியால் உங்களைத்தான் அம்மா என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். பால் கட்டி நெஞ்சு கல்லாகிவிட்டது. பிழிந்து போத்தலில் அனுப்பட்டுமா? அவனுக்கு ஜன்னலோரக் கட்டில் கிடைத்ததா? வெளிச்சம் என்றால் அவனுக்கு உயிர். சிவப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தால் அவன் கண்ணும் கூடவே நடக்கும்.

பதிலை இவரிடமே கொடுத்துவிடுங்கள்.

உங்கள் அன்பை மறவாத,
சுபோதினி


ஆஸ்பத்திரி
13.02.2024

அன்பான சுபோதினிக்கு,

நான் சுகம், பிள்ளையும் சுகம். நீரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, அழாமல் இருப்பீர் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று சும்மா எழுதுகிறேன். உம்மை எனக்குத் தெரியாதா?

முதலில் பால். அனுப்பவே வேண்டாம். தவிட்டை வாங்கிக்கொண்டு பாலையும் கொடுத்தால் விற்றது எங்கே? எமன் என்ன, கண் மூடிக்கொண்டா வருகிறான்? மல்லிகைப்பூவை வைத்துக் கட்டும், தானாக வற்றிவிடும். இவன் மாப்பால் நன்றாகவே குடிக்கிறான்.

ஜன்னலோரக் கட்டில்தான். சண்டை பிடித்து வாங்கினேன். வந்த அன்றே நேர்ஸ், "அம்மா கோ?" என்று கேட்டாள். தாய் எங்கே என்கிறாள். "மம தமய்" என்றேன். நான்தான் என்று சொன்னதும் அப்படியே எழுதிக்கொண்டு போனாள். நீர் வந்திருந்தால் சிங்களம் விளங்காமல் எல்லாருடைய வாயையும் பார்த்துக்கொண்டு நின்றிருப்பீர். பக்கத்துக் கட்டிலில் முகத்துவாரத்து மெற்றில்டா என்று ஒருத்தி. அவளுடைய மகளுக்கும் தலையில்தான் வருத்தம். வாய் ஓயாத பிறவி, ஆனால் ஆள் பாதகமில்லை.

அடுத்த கிழமை வியாழன் ஓப்பரேஷன் என்று டொக்டர் சொல்லிவிட்டார். தம்பி வந்து கையெழுத்து வைக்க வேண்டும். நீர் வீட்டு வாசலைத் தாண்ட வேண்டாம். கோயிலுக்குப் போவதென்றாலும் ஆஸ்பத்திரிப் பக்கம் தலை வைக்காமல் போய் வாரும்.

இரவில் என் கழுத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டுதான் படுக்கிறான். மூச்சு சூடாக வந்து படுகிறது. நான் இத்தனை வருஷம் எப்படி நித்திரை கொண்டேனோ தெரியவில்லை.

இப்படிக்கு,
ஜெகதீஸ்வரி


வெள்ளவத்தை
20.02.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

நாங்கள் சுகம். உங்களுக்கு முதுகுவலி என்று இவர் சொன்னார். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தால் வராமல் என்ன செய்யும்? எண்ணெய் அனுப்பியிருக்கிறேன், பூசுங்கள்.

நாளை மறுநாள் வியாழக்கிழமை. எனக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. மண்டையைத் திறப்பார்கள் என்று நினைத்தாலே எழும்பிக் கோயிலுக்கு ஓடுகிறேன். மயூராபதி அம்மன் கோயிலில் நின்று, "என்ரை உயிரை எடு, அவனை விடு" என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் நின்ற மனிசி விலகிப் போனா.

தலைக்குத் தொப்பி ஒன்று தைத்திருக்கிறேன். கட்டுப் போட்ட பிறகு இறுக்கக் கூடாது என்று பெரிதாகவே தைத்தேன். நான் தைத்தது என்று அவனுக்குச் சொல்ல வேண்டாம். சொன்னாலும் அவனுக்கு என்ன விளங்கப்போகிறது? ஆனாலும் சொல்ல வேண்டாம், உங்கள் விதிப்படி நடக்கட்டும்.

தியேட்டருக்குள் கொண்டுபோகும்போது அவன் அழுதால் உள்ளங்காலைத் தடவிக் கொடுங்கள். உடனே அடங்கிவிடுவான். வியாழன் பின்னேரம் ஒரு வரியாவது எழுதி அனுப்புங்கள், மச்சாள். "முடிந்தது" என்று மட்டும் எழுதினாலும் போதும்.

உங்கள்,
சுபோதினி


ஆஸ்பத்திரி
24.02.2024

அன்பான சுபோதினிக்கு,

சுகம். நீரும் சுகமாக இருக்க வேண்டும்.

ஓப்பரேஷன் நடக்கவில்லை. தியேட்டரில் அவசர கேஸ் ஒன்று வந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி என்றால் இப்படித்தான். நாங்கள் என்ன செய்வது? இனிப் புதுத் திகதி போடுவார்கள். உடனே பயந்துபோய்ப் படுத்துவிடாதேயும். பிள்ளை நன்றாக இருக்கிறான். தலை கொஞ்சம் பெருத்திருக்கிறது, அவ்வளவுதான்.

தொப்பி அழகாக இருக்கிறது. இப்போது போட்டால் வியர்க்கும், எடுத்து வைத்திருக்கிறேன்.

உமக்கு ஒன்று சொல்ல வேண்டும். இப்போது நான் முகம் கழுவப் போனாலும் தேடுகிறான். வாசலில் ஆட்கள் இருக்கிற வாங்கடியில் இருந்தே, "அம்மா வந்திட்டன், அம்மா வந்திட்டன்" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தால் காலை அடித்து அடித்துச் சிரிக்கிறான். மெற்றில்டா சொல்கிறாள், "புள்ள உங்களையே உரிச்சு வச்சிருக்குதே" என்று. நானும் சிரித்தேன். இவனை வாங்கிய நேரம் நல்ல நேரம், பாரும்.

இப்படிக்கு,
ஜெகதீஸ்வரி


வெள்ளவத்தை
08.03.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

நான் சுகம் என்று எழுதிப் பழகிவிட்டது, அதனால் எழுதுகிறேன். நீங்கள் சுகமா? பிள்ளை சுகமா? இரண்டு கிழமையாக உங்களிடமிருந்து ஒரு துண்டுகூட வரவில்லை.

ஒன்று கேட்டால் கோபிக்க மாட்டீர்களே? எனக்கு எழுதும்போது தியேட்டரில் அவசர கேஸ் என்றீர்கள். இவரிடம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறீர்கள். இரண்டில் எது சரி? இவரிடம் கேட்டால், "அக்கா சொன்னாச் சரியாத்தான் இருக்கும், நீ ஏன் குடையிறாய்?" என்கிறார். புறக்கோட்டையில் நாள் முழுக்கக் கடையில் நின்றுவிட்டு வருகிற மனிசன், உங்களைக் கண்டால் பள்ளிக்கூடப் பெடியன் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவரிடம் கேட்டு என்ன பலன்?

பால் வற்றிவிட்டது. மல்லிகைப்பூ வேலை செய்கிறது. அந்த மணம் வந்தாலே இப்போது எனக்கு ஓங்காளிக்கிறது.

அவனுடைய படம் ஒன்று இவருடைய போனில் எடுத்து அனுப்புங்கள். என் முகம்தானே அவன் பார்க்கக் கூடாது? அவன் முகத்தை நான் பார்க்கக் கூடாது என்று நீங்கள் சொல்லவில்லையே.

உங்கள்,
சுபோதினி


ஆஸ்பத்திரி
17.04.2024

சுபோதினிக்கு,

நாங்கள் சுகம். வருஷப்பிறப்புக்கு அனுப்பிய உடுப்பும் பலகாரமும் கிடைத்தன.

படம் எடுக்கத் தம்பியை நான் விடவில்லை. கோபிக்க வேண்டாம். நீர் படத்தைப் பார்த்து அழுவீர், அந்தக் கண்ணீர் பிள்ளைக்கு ஆகாது. காய்ச்சலா, அவசர கேஸா என்று விசாரணை வைக்க நீர் என்ன கோர்ட்டா? இரண்டும்தான். இரண்டாம் தரமும் திகதி போட்டுத் தள்ளிப்போய்விட்டது, இந்த முறை சளி. மூன்றாம் தரமும் போட்டார்கள், அதுவும் நடக்கவில்லை. இங்கே கிடந்து காய்கிறவள் நான். நீர் அங்கே ஃபேனுக்குக் கீழே இருந்துகொண்டு கேள்வி எழுதி அனுப்புகிறீர்.

பிள்ளை கெட்டிக்காரன். ஆளைக் காதாலேயே அறிகிறான். கிலுக்கைத் தூக்கிக் காட்டினால் பார்க்கிறதில்லை. ஆட்டினால் டக்கென்று திரும்புவான். நேர்ஸ்மார் எத்தனை பேர் கதைத்தாலும் என் குரலை மட்டும் தனியாகப் பிடித்துக்கொள்வான். இந்த வயதில் இப்படி ஒரு காது எங்கும் இல்லை என்று நான் எல்லாருக்கும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஜெகதீஸ்வரி


வெள்ளவத்தை
18.04.2024

மச்சாளுக்கு,

சுகம் விசாரிக்க நேரம் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

கிலுக்கைக் காட்டினால் பார்க்கிறதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் பார்க்கிறதில்லை? சிவப்பு வாளியோடு கூடவே போன கண் அது. டொக்டரிடம் இதைச் சொன்னீர்களா? மச்சாள், அது கெட்டிக்காரத்தனம் இல்லை. என்ன சொன்னார் என்று உடனே எழுதுங்கள். இவரை இன்றைக்கே கையோடு பதில் வாங்கிக்கொண்டு வரச் சொல்லி அனுப்புகிறேன்.

சுபோதினி


ஆஸ்பத்திரி
30.04.2024

மச்சாளுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நீங்கள் கொட்டாஞ்சேனையில் உங்கள் வீட்டில் சுகமாக இருப்பீர்கள்.

என் கடைசிக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. "அக்கா பிறகு எழுதுறாவாம்" என்று இவர் வெறுங்கையோடு வந்து நின்றார். ஒரு கிழமைக்கு மேல் அதே கதை. அதற்குப் பிறகு நான் கோயில் ஐயரிடம் போனேன். பிள்ளையை விற்று வாங்குகிற விஷயத்தை மெல்லக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "அது ஒரு நாள் காரியம் அம்மா. காலமை வித்தால் பூசை முடிய வாங்கிக்கொண்டு வீட்டை போறதுதான்" என்றார். முகம் படக்கூடாது, குரல் படக்கூடாது என்பதெல்லாம் அவர் கேள்விப்பட்டதே இல்லையாம். மச்சாள், அந்த விதி எங்கேயிருந்து வந்தது?

நேற்று முன்தினம் நான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீங்கள் உடுப்புத் தோய்க்கப் போயிருந்தீர்கள். ஜன்னலோரக் கட்டிலில் அவன் கிடந்தான். தலை பெருத்து, கண்மணி கீழே இறங்கி, இது என் பிள்ளைதானா என்று ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்தது. பக்கத்தில் இருந்தவள்தான் மெற்றில்டா என்று வாயை வைத்தே கண்டுபிடித்தேன்.

"நீங்க யாரு புள்ள?" என்று கேட்டாள்.

"நான் இவன்ரை அம்மா."

"அப்ப அவங்க?"

"மாமி. இவன்ரை அப்பாவின்ரை அக்கா."

மெற்றில்டா நெஞ்சில் சிலுவை போட்டாள். பிறகு என்னைக் கிட்ட இழுத்து இருத்தி, எல்லாவற்றையும் சொன்னாள். ஓப்பரேஷன் நாள் காலையில் பிள்ளையின் வாயில் தண்ணீர்கூட வைக்கக் கூடாது என்று கட்டிலில் எழுதித் தொங்கவிடுவார்களாம். "உங்க மாமி சீலத் தலப்பால மூடிக்கிட்டுப் பால் குடுத்தாங்க, நான் கண்ணால கண்டேன். மொதத் தரம் தியேட்டர் வாசல்ல வாந்தி எடுத்துச்சு புள்ள. வயித்துல பால் இருந்தா மயக்க மருந்து குடுக்க ஏலாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டாந் தரமும் அதே. மூணாந் தரம் நேர்ஸ் வாயோரத்துல பாலைக் கண்டுட்டு அவங்களக் கிழி கிழின்னு கிழிச்சாங்க. பெத்த தாய் பசி பொறுக்காமக் குடுக்கிறாங்கன்னு நெனச்சு நான் சும்மா இருந்துட்டேன் புள்ள. எனக்கு என்ன தெரியும்?"

நான் அவன் முகத்துக்கு நேரே கையை ஆட்டினேன். கண் அசையவில்லை. "தனுஷன்" என்று கூப்பிட்டேன். வீரிட்டு அழுதான். யாரோ ஊர்பேர் தெரியாதவள் வந்து தொட்டதுபோல அழுதான். அப்போது வாங்குப் பக்கமாக உங்கள் குரல் கேட்டது, "அம்மா வந்திட்டன்" என்று. அழுகை நின்றது. அந்த இடத்தில் உங்களைக் கொல்லாமல் விட்டேனே, அது எனக்கே ஆச்சரியம்தான்.

உங்களைப் பார்த்து "போங்கோ" என்று ஒரு சொல்தான் சொன்னேன். அதற்கு மேல் வாயைத் திறந்திருந்தால் கை நீண்டிருக்கும். மற்றதை இப்படி எழுதித்தான் சொல்ல முடிகிறது. நேர்ஸிடம் போய், "மம அம்மா" என்றேன். எனக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான், அது போதுமாக இருந்தது. டொக்டர் வந்து இங்கிலிஷில் மெதுவாகச் சொன்னார். தலைக்குள் கட்டின நீர் அழுத்தி அழுத்திக் கண் நரம்பு வாடிக்கொண்டு வருகிறதாம். இதைத் தாயிடம் மார்ச்சிலேயே சொன்னாராம். எந்தத் தாயிடம் என்று எனக்கு விளங்கியது.

நாளைக் காலை முதல் ஆளாக அவனை எடுக்கிறார்கள். பசியில் அவன் கத்தக் கத்த நான் பார்த்துக்கொண்டு இருக்கப்போகிறேன். திருப்பி வாங்குவதற்குத் தவிடு கொண்டுவர மாட்டேன். நான் அவனை விற்கவில்லை.

சுபோதினி


கொட்டாஞ்சேனை
04.05.2024

சுபோதினிக்கு,

ஓப்பரேஷன் நல்லபடி முடிந்தது என்று தம்பி சொன்னான். நீர் சுகமாக இருக்க வேண்டும். இதை மனதார எழுதுகிறேன், நம்பினால் நம்பும்.

ஓம், கொடுத்தேன். முதல் தரம் அவன் பசியில் கத்தினான். நீர் பக்கத்தில் இருந்திருந்தால் உமக்கும் கை போயிருக்கும். ஒரு மிடறு என்று நினைத்தேன், போத்தல் முடிந்துவிட்டது. அது பாவம் பார்த்துக் கொடுத்தது. இரண்டாம் தரம் அவன் கத்தவில்லை. நல்ல நித்திரை. நான்தான் எழுப்பிக் கொடுத்தேன். மூன்றாம் தரமும் அப்படித்தான். தலையைத் திறந்து நீரை வடித்துவிட்டால், அடுத்த நாளே நீர் வந்து என் மடியைக் காலியாக்கிக்கொண்டு போவீர். இன்னும் ஒரு கிழமை, இன்னும் ஒரு கிழமை என்றுதான் நினைத்தேன். ஓப்பரேஷன் வேண்டாம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

கண்ணைப் பற்றி டொக்டர் சொன்னது உண்மை. தம்பியிடம் நான் சொல்லவில்லை. கண் இல்லாத பிள்ளை என்றால் நீர் கொஞ்சம் கை தளர்த்துவீர், எனக்கு மிஞ்சுவான் என்று ஒரு நினைப்பு வந்தது. வரவில்லை என்று உமக்குப் பொய் எழுத மாட்டேன்.

அந்த விதிகளை நான்தான் உண்டாக்கினேன். ஐயரிடம் கேட்டு நீர் நேரத்தை வீணாக்கியிருக்கத் தேவையில்லை.

உமக்கு நினைவிருக்கும், இல்லாமலும் இருக்கும். முப்பத்தோராம் நாள் சடங்கில் பிள்ளைக்கு அரைஞாண் கட்ட நான் கையை நீட்டினேன். உம்முடைய சித்தி, "பிள்ளை பெத்தவை ஆராவது கட்டட்டும்" என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னா. நீர் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தீர். கயிற்றை நான் தட்டில் திருப்பி வைத்தேன். பதினாறு வருஷமாக எல்லா வீட்டு விசேஷத்திலும் அப்படித்தான் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அன்றைக்கு ஆகாத மடி, எமனுக்குப் பிள்ளையை ஒளித்து வைக்க மட்டும் ஆகுமோ?

அவன் எப்படிப் பால் குடிக்கிறான் என்று ஒரு வரி எழுதும். முதலில் இரண்டு மிடறு குடித்துவிட்டு நிற்பான். அப்போது ஏதாவது கதைக்க வேண்டும். கதைத்தால்தான் மிச்சத்தைக் குடிப்பான்.

இப்படிக்கு,
ஜெகதீஸ்வரி


வெள்ளவத்தை
16.07.2024

மச்சாளுக்கு,

உங்கள் கடிதத்துக்கு இரண்டு மாதத்துக்கு மேலாகப் பதில் எழுதவில்லை. எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இப்போதும் சுகம் விசாரிக்க மனம் வரவில்லை, வராததை எழுதவும் இல்லை.

பிள்ளைக்குத் தலை இனிப் பெருக்காது. காதுக்குப் பின்னால் ஒரு குழாய் ஓடுகிறது, தொட்டால் தெரியும். உயிருக்குப் பயம் இல்லை என்றார்கள். கண் வராது. கண் டொக்டர் சின்ன டோர்ச் லைட்டை அடித்துப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். இவர் அன்றைக்குத்தான் முதல் தரம் சத்தம் போட்டு அழுதார். "அழுங்கோ, அக்காவுக்குக் கேக்கட்டும்" என்றேன். எனக்கு இரக்கம் வரவில்லை.

அவன் பால் குடிக்கிறானில்லை. அதுதான் எழுதுகிறேன். இரண்டு மிடறு குடிப்பான், நிற்பான், காதைத் தூக்கிக்கொண்டு கேட்பான். நான் கதைத்தால் அழுவான். நான் பாடினால் இன்னும் கூட அழுவான். நான் பெற்ற பிள்ளை என் குரலுக்குப் பயப்படுகிறான், மச்சாள். ஆஸ்பத்திரியில் எடுத்த ஒரு வீடியோ இவருடைய போனில் இருந்தது. உங்களுக்கும் எனக்கும் தெரியாமல் எடுத்து வைத்திருந்திருக்கிறார். அதில் உங்கள் குரல் இருக்கிறது. அதைப் போட்டதும் போத்தலை முழுக்கக் குடித்துவிட்டுச் சிரித்தான். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். கொஞ்ச நாள் அப்படியே ஓடியது. பிறகு அவனுக்கு விளங்கிவிட்டது. அவன் "ஊ" என்றால் அந்தக் குரல் திருப்பி ஒன்றும் சொல்வதில்லை. இப்போது போனுக்கும் குடிக்கிறானில்லை. கை கால் மெலிந்து, பிறந்தபோது இருந்த மாதிரி ஆகிவிட்டான். இப்படியே போனால் திரும்பவும் ஆஸ்பத்திரிக்கு வந்து மூக்கால் குழாய் விட வேண்டும் என்கிறார்கள்.

ஆகவே நீங்கள் இங்கே வர வேண்டும். மன்னித்துக் கூப்பிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மன்னிக்கவில்லை, இனியும் மாட்டேன்.

நீங்கள் குசினியில் கதவுக்குப் பின்னால் கதிரை போட்டு இருக்க வேண்டும். நான் அறைக்குள் அவனை மடியில் வைத்துப் பால் கொடுப்பேன். அப்போது நீங்கள் கதைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கதைத்த மாதிரியே கதைக்க வேண்டும். அவனைத் தொடக்கூடாது. அவன் அழுதாலும் எட்டிப் பார்க்கக் கூடாது. சிரித்தாலும் கூடாது. நீங்கள் பூசுகிற எண்ணெயில் ஒரு போத்தல் எனக்கும் அனுப்புங்கள், உங்கள் மணம் வர நான் பூசிக்கொள்கிறேன். நான் வாயே திறக்க மாட்டேன். என்னுடைய கையும் உங்களுடைய குரலும் ஒரே ஆள் என்று அவன் நம்பட்டும்.

பிறகு நான் ஒவ்வொரு சொல்லாகக் கதைக்கத் தொடங்குவேன். நான் கூட்டக் கூட்ட நீங்கள் குறைக்க வேண்டும். ஒருநாள் நீங்கள் கதைக்கத் தேவையில்லாமல் போகும். அன்றைக்குக் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பிப் போய்விட வேண்டும், சொல்லிக்கொள்ளாமல்.

பதிலை எழுதியே அனுப்புங்கள். போன் எடுக்க வேண்டாம். அவன் கேட்டுவிட்டால் பிறகு நாள் முழுக்கத் தேடுவான்.

சுபோதினி


கொட்டாஞ்சேனை
18.07.2024

சுபோதினிக்கு,

நான் சுகம். நீர் சுகமா என்று கேட்க மாட்டேன்.

சொன்னதெல்லாம் சம்மதம். எண்ணெய்ப் போத்தலைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். கழுத்திலும் பூசும், அங்கேதான் அவன் மூக்கை வைப்பான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டுப் படி ஏறுகிறேன், என் நடை அவனுக்குத் தெரியும்.

நீர் எழுதாத ஒன்றை நான் கேட்க வேண்டியிருக்கிறது. இத்தனை நாளும் "அம்மா வந்திட்டன்" என்று சொல்லித்தான் அவனோடு கதைக்கத் தொடங்குவேன். "அம்மா இருக்கிறன், குடி" என்று சொன்னால்தான் மிச்சப் பாலைக் குடிப்பான். வேறு சொல்லில் கூப்பிட்டால் அவன் நம்ப மாட்டான். கதவுக்குப் பின்னால் இருந்து நான் அதைச் சொல்லலாமா? நீர் அவனை மடியில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டு இருப்பீரா?

வேண்டாம் என்றால் எழுதும், சொல்லாமல் பார்க்கிறேன். ஆனால் அவன் குடிக்க மாட்டான்.

இப்படிக்கு,
ஜெகதீஸ்வரி